ஆளுக்குப் பாதி மாத்திரை

விலாவுக்குள் ஊசி விட்டு இரண்டாம் முறையும் தண்ணீர் எடுத்தாகிவிட்டது. அக்கா வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு டாக்டரம்மாவின் எதிரே உட்கார்ந்திருந்தாள். நுரையீரலைச் சுற்றி நீர் கோத்துக்கொள்ளும் காசநோய் அவளுக்கு. மாசக்கணக்கில் மாத்திரை விழுங்கியும் அந்தப் பாழும் நீர் வற்றுவேனா என்கிறது.

"போன தடவை எடுத்த தண்ணியில கிருமி வளர்ந்திருக்கும்மா. முக்கியமான ரெண்டு மருந்துக்கும் அது அசையவே இல்ல" என்றார் டாக்டரம்மா. "ஒருநாளாவது மாத்திரை விட்டுப்போச்சா?"

"ஒருநாள்கூட விடலீங்க."

அது சத்தியமான பேச்சுதான். விடவில்லை. ஆனால் முழுசாக விழுங்கவும் இல்லையே!

வீட்டில் அவளும் தங்கச்சியும் தங்கச்சியின் கைக்குழந்தையும்தான். தங்கச்சி புருஷன் கப்பல் வேலைக்கென்று போனவன், போனவன்தான். அக்கா தையல் கம்பெனியில் இஸ்திரி மேஜையில் நின்றவள். நோய் என்று தெரிந்த அன்றைக்கே சூப்பர்வைசர் பெரிய கும்பிடாகப் போட்டு அனுப்பிவிட்டான். தங்கச்சிக்கு அதே கம்பெனியில் பொத்தான் துளை தைக்கும் காஜா மெஷின். அவளுக்கும் இருமலோடு காய்ச்சல் சேர்ந்தபோது அக்கா, "என்கிட்டேருந்துதான் உனக்கு ஒட்டிக்கிச்சு, பாவி நான்" என்று தலையில் அடித்துக்கொண்டாள். தங்கச்சி ஆஸ்பத்திரியில் காட்டிக்கொண்டால் கம்பெனிக்குத் தெரிந்துவிடும். இருக்கிற ஒரு வேலையும் போனால் அடுப்பில் பூனை தூங்கும்.

அப்புறம் என்ன, இரண்டு பேரும் சேர்ந்து மகா யோசனை ஒன்று பண்ணினார்கள். ஆளுக்குப் பாதி. காலையில் வெறும் வயிற்றில் அக்காவின் நாலு மாத்திரையைப் பிரித்து இவளுக்கு ரெண்டு, அவளுக்கு ரெண்டு. ஒரே வயிற்றில் பிறந்தவர்கள், சோற்றைப் பங்கு போட்ட கையாலேயே மருந்தையும் பங்கு போட்டார்கள். பாதி அடி வாங்கிய கிருமி செத்தா போகும்? அடி பழகி நிமிர்ந்து நின்றது. காலி அட்டையைப் பார்த்துவிட்டு, "எல்லாரும் உன்னை மாதிரி இருந்தா தேவல" என்று நர்சம்மா மெச்சியபோதெல்லாம் அக்காவுக்கு உள்ளுக்குள் பெருமைகூடத்தான். என்ன புத்தியோ போங்கள்.

டாக்டரம்மா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார். "உங்க நுரையீரல் சுத்தமா இருக்கு. கிருமி வெளிப்பக்கந்தான். இது பெரும்பாலும் அடுத்தவங்களுக்குப் பரவாது. உங்களுக்குத்தான் யார்கிட்டேருந்தோ வந்திருக்கணும். வீட்டுல யாராச்சும் ரொம்ப நாளா இருமுறாங்களா?"

அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. தனக்கு முன்னாலேயே, வயிற்றில் பிள்ளை இருந்தபோதே, தங்கச்சிக்கு ஒரு வறட்டு இருமல். துணித்தூசி என்று அதை யாரும் சட்டை செய்யவில்லை.

"என் தங்கச்சி..." என்று தொடங்கியவள் மூச்சு முட்ட எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். டாக்டரம்மா திட்டவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் மனசு ஆறியிருக்கும்.

"அரைகுறையா மருந்து போனா கிருமி பழகிடும்மா. அவங்க இருமுறப்போ அந்தக் கிருமிதான் வெளியே வருது. உங்களுக்கு வேற மருந்து இருக்கு, பாத்துக்கலாம். அவங்களை இப்பவே கூட்டிட்டு வாங்க. குழந்தையையும்."

வராந்தா பெஞ்சில், துணைக்கு வந்திருந்த தங்கச்சி பிள்ளையை மார்போடு சேர்த்து அணைத்து, அவன் உச்சந்தலைக்கு மேலேயே இருமிக்கொண்டிருந்தாள். அக்கா விலாவைப் பிடித்தபடி ஓடிப்போய்ப் பிள்ளையைப் பிடுங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

"என்னக்கா ஆச்சு?"

"எல்லாத்தையும் சொல்லிட்டேன்டி. வேலை போனா போகட்டும். உன்கிட்டேருந்துதான் எனக்கு வந்திருக்கு. பாதி மாத்திரையில கிருமிக்கு மருந்து பழகிப்போச்சு. எந்திரி, உள்ள வா. இவனையும் பாக்கணுமாம்."

தங்கச்சி எழுந்திருக்கவில்லை. அக்காவின் தோளில் கிடந்த பிள்ளையையே பார்த்தாள்.

"கொஞ்ச நாளா இவனும் இருமுறான்க்கா" என்றாள். "சொன்னா, நீ உன் பங்கையும் இவனுக்குக் குடுத்துடுவியோன்னுதான் சொல்லாம இருந்தேன்."