பாதி ஏற்றிய புயல்

அந்த வானிலை ஆபீசில் ஒரு பழக்கம் உண்டு. கம்ப்யூட்டர் புயலின் வேகத்தை எவ்வளவு ஏற்றிக் காட்டினாலும் ஒரே அறிக்கையில் அவ்வளவையும் ஏற்றமாட்டார்கள். இப்போது பாதி, மீதி அடுத்த அறிக்கையில். கம்ப்யூட்டர் மனசு மாறிவிட்டால் ஏற்றியதை இறக்கி ஊர் வாயில் விழவேண்டாம் பாருங்கள்! அறிக்கை எழுதும் அதிகாரியான அவளும் நேற்று சாயங்காலம் அதைத்தான் செய்தாள். காற்றின் வேகம் இருமடங்காகும் என்று வந்ததில், ஏற்றத்தில் பாதியை மட்டும் எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பினாள்.

அவள் தம்பி அந்தக் கடலில்தான் ஒரு சரக்குக் கப்பலில் இஞ்சினியர்.

விடிந்ததும் திரையைப் பார்த்தாள். புயலின் நடுவே கண் திறந்திருந்தது, சுத்தமாக, வட்டமாக. கம்ப்யூட்டர் சொன்னதையும் தாண்டிப் போயிருந்தது அந்தச் சனியன். கப்பலோ சுற்றிப் போகாமல் அதன் முன்னால் குறுக்கே போய்க்கொண்டிருந்தது. பாதியாவது மீதியாவது, எல்லாவற்றையும் ஏற்றி அவசர அறிக்கை விட்டாள். கப்பலைக் கூப்பிடுங்கள் என்று கடலோரக் காவலைக் கெஞ்சினாள். அவர்களும் விடாமல் கூப்பிட்டார்கள். பதில் இல்லை.

மதியத்துக்குமேல் புயல் குளிர்ந்த தண்ணீருக்குள் நுழைந்தது. கண் மூடியது, மேகம் பிய்ந்தது, சாயங்காலம் வெறும் மழையாகிப் போனது. கரைக்கு ஆபத்தில்லை என்று ஆபீசே மூச்சு விட்டது. நடுக்கடலில் பிறந்து நடுக்கடலிலேயே செத்தது, யாருக்கும் நஷ்டமில்லை என்று மேலதிகாரி டீயை உறிஞ்சினார். அந்தக் கப்பலை மனுஷர் மறந்தே போயிருந்தார். டம்ளரைப் பிடுங்கி எறியலாம் போலிருந்தது அவளுக்கு. அவர் டீயைக் குடித்து முடிப்பதற்குள் தேடப்போன விமானத்திலிருந்து செய்தி வந்தது. தண்ணீர் முழுக்க எண்ணெய். கவிழ்ந்த உயிர்காப்புப் படகு ஒன்று. ஆள் யாரும் தென்படவில்லை.

போன் அடித்தது. தம்பி பெண்டாட்டி.

"புயல் ஓய்ஞ்சிடுச்சுன்னு டிவில சொல்றாங்க அண்ணி. இப்பதான் எனக்கு உயிரே வந்துச்சு. நேத்து ராத்திரி இவரு மெசேஜ் போட்டிருந்தாரு, கேப்டன் சுத்திப் போயிடலாம்னுதான் சொன்னாராம். இவருதான், எங்கக்கா கையெழுத்து போட்ட அறிக்கை, தைரியமா நேரா போலாம்னு சண்டை போட்டு சம்மதிக்க வச்சிருக்காரு. சீக்கிரம் வீட்டுக்கு வந்துடலாம்ல, அதான். எப்ப பேசுவாரு அண்ணி?"

அவள் போனைக் காதில் வைத்தபடியே எழுந்து கைப்பையை எடுத்தாள்.

"நீ வீட்டுலயே இரும்மா," என்றாள். "நான் வரேன்."