இரண்டாவது கூரை

எங்கள் பக்கம் என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘மில்லிமீட்டர்’ என்பார்கள். கதவு மயிரிழை சாய்ந்திருந்தாலும் கழற்றி மாட்டுகிற தச்சன் நான் என்று நானே ஊர் முழுக்கத் தம்பட்டம் அடித்ததில் ஒட்டிக்கொண்ட பெயர் அது. இப்போது யாராவது அப்படிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கக் கூச்சமாக இருக்கிறது.

என் அக்கா குடிநீர்த் தொட்டி அலுவலகத்தில் எழுத்தர். அலுவலகத்துக்குப் பின்னால் புல்வெளி நடுவே நான்கு கால்களில் ஒரு வெள்ளைப் பெட்டி நிற்கும். நான்கு பக்கமும் சாய்வான பலகைகள். காற்று நுழையும், வெயில் நுழையாது. உள்ளே காற்றின் வெப்பத்தை அளக்கும் தெர்மாமீட்டர்கள்; அவற்றில் ஒன்று அன்றைய உச்ச வெப்பத்தைப் பிடித்து வைத்திருக்கும். காலை ஏழரைக்கும் மாலை ஐந்தரைக்கும் கதவைத் திறந்து, எண்களைப் படித்து, நோட்டில் எழுதி, மாதக் கடைசியில் தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். பதினோரு வருடமாக அது அக்காவின் வேலை. மழையோ காய்ச்சலோ, ஒரு வேளை தவறியதில்லை. அவளுக்கு மகள் பிறந்த அன்று மட்டும் மாமா போய்ப் பார்த்துவிட்டு வந்து, "முப்பதுக்குக் கொஞ்சம் மேல இருந்துச்சு" என்றாராம். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று பிரசவ அறையில் படுத்தபடி சண்டை பிடித்திருக்கிறாள். அந்த நாளுக்கான கட்டம் இன்றைக்கும் காலியாக இருக்கிறது.

போன வருடம் அடித்த புயலில் பழைய பெட்டி நொறுங்கியது. "என் தம்பி செய்வான், ஒரு மில்லிமீட்டர் பிசகாது" என்று மேலதிகாரியிடம் சொல்லி, புதுப்பெட்டி வேலையை அக்காதான் எனக்கு வாங்கிக் கொடுத்தாள். தலைமை அலுவலகத்திலிருந்து நான்கு பக்க வரைபடம் வந்தது. ஒரு பெட்டிக்கு நான்கு பக்கமா என்று சிரித்தேன். கால் எவ்வளவு உயரம், கதவு எந்தத் திசை, பலகை எவ்வளவு சாய்வு எல்லாம் போட்டிருந்தது. கூரை மட்டும் இரண்டு. மேலே ஒன்று, அதற்குக் கீழே மூன்று விரல் இடைவெளி விட்டு இன்னொன்று. மேல் கூரை வெயிலை வாங்கிக்கொள்ளும், அந்தச் சூட்டை நடுவில் ஓடும் காற்று கொண்டுபோய்விடும்.

சாய்பலகைகளை நான் செய்த விதத்தை இன்றைக்கும் யாரும் குறை சொல்ல முடியாது. ஒவ்வொன்றையும் இழைத்து, தேய்த்து, மூன்று முறை வெள்ளை அடித்தேன். கடைசி நாள் சாயங்காலம் உள்கூரைப் பலகையில் திருகாணியை முடுக்கும்போது அது குறுக்கே பிளந்துவிட்டது. புதிதாக ஒன்று அறுத்து இழைக்க இன்னும் ஒரு நாள் வேண்டும். அக்காவோ கருவிகளைத் தாழ்வாரத்தில் தொங்கவிட்டுவிட்டு, காலையிலிருந்து நான்கு தடவை போன் பண்ணிவிட்டாள். "நாளைக்கு வந்துடும்ல? நீ சொன்னா சொன்னதுதான?" என்றாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். பலகை பிளந்துவிட்டது என்று சொல்ல வாய் வரவில்லை. மில்லிமீட்டரின் பலகை பிளக்கலாமா?

ஒற்றைக் கூரையை அடித்தேன். முன்பக்க விளிம்பில் கீழே ஒரு மெல்லிய கட்டையை இடைவெளி விட்டு ஒட்டினேன். எதிரில் நின்று பார்த்தால் அசல் இரட்டைக் கூரை. "தெர்மாமீட்டருக்கு என்ன, தலைவலியா வரப்போகுது?" என்று எனக்கு நானே சொல்லிச் சிரித்தும் கொண்டேன்.

மறுநாள் அக்கா அந்தப் பெட்டியைத் தடவித் தடவிப் பார்த்தாள். அலுவலகத்தில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினாள்.

வெயில் காலம் முடிந்ததும் தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. மேகமில்லாத நாட்களில் உங்கள் பகல் வெப்பம் அக்கம்பக்கத்து நிலையங்களைவிட ஒரு டிகிரிக்கு மேல் கூடுதலாக இருக்கிறது, படிப்பவர் கவனமாகப் படிக்கவும் என்று எழுதியிருந்தார்கள். அக்கா கடிதத்தை எடுத்துக்கொண்டு நேராக என் பட்டறைக்கு வந்தாள். பதினோரு வருடத்தில் அவளுக்கு வந்த முதல் குறை அது. முகம் பேயறைந்தது போல இருந்தது.

"டேய், பெட்டியில ஏதாவது இருக்குமா?" என்று கேட்டாள்.

அப்போதே சொல்லியிருக்கலாம். ஒரே வார்த்தை. ஆனால் பட்டறையில் இரண்டு வாடிக்கையாளர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். நான் சொன்னது இதுதான்: "என் பெட்டியில தப்பா? நல்லா இருக்கே கதை! உனக்கு வயசு அம்பது ஆகப் போகுது. முதல்ல போயி கண்ணைக் காட்டு."

சொன்னதோடு விடவில்லை. நானே ஸ்கூட்டரில் உட்காரவைத்துக் கண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் பார்த்துவிட்டு, "பெருசா ஒண்ணும் இல்லம்மா. கண்ணாடி போட்டாலும் சரி, போடாட்டியும் சரி" என்றார். போட்டுவிடலாம் என்று முந்திக்கொண்டு சொன்னது நான். சட்டம்கூட நான்தான் தேர்ந்தெடுத்தேன். வரும் வழியெல்லாம் அவள் பின்னால் உட்கார்ந்து கடைப் பலகைகளை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டே வந்தாள்.

இரண்டு வாரம் கழித்து வீட்டுக்குப் போனபோது, "இப்ப சரியா வருதுடா" என்றாள். கண்ணாடி போட்டால் பெட்டிச் சூடு குறையுமா என்று எனக்கு உறைக்காமல் இல்லை. ஆனால் கேட்கவில்லை. தப்பித்தோம் என்று இரண்டாவது தடவை காபி வாங்கிக் குடித்துவிட்டு வந்தேன்.

அக்கா கண்ணாடி போட்ட நாற்பதாவது நாள் தலைமை அலுவலகத்திலிருந்து சோதனை அதிகாரி வந்தார். குள்ளமான, பொறுமையான மனிதர். தேவைப்பட்டால் படிப்பதற்கு வேறு ஆளைப் போடச் சொல்லி அவருக்கு உத்தரவாம். பெட்டியைப் பற்றிக் கேட்டால் சொல்ல வேண்டும் என்று அக்கா என்னையும் வரச் சொல்லியிருந்தாள். இஸ்திரி போட்ட புடவையில், கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு நின்றாள்.

அவர் எங்கள் தெர்மாமீட்டரையும் தன்னுடையதையும் ஒரே வாளித் தண்ணீரில் வைத்துப் பார்த்தார். இரண்டும் ஒன்றைத்தான் காட்டின. பிறகு அக்காவை நான்கு முறை படிக்கச் சொன்னார். நான்கும் சரி. "கண்ணாடிய கழட்டிட்டுப் படிங்கம்மா" என்றார். அதுவும் சரி.

"கருவியும் சரி, கண்ணும் சரி" என்று முனகியபடி பெட்டிக் கதவைத் திறந்தார். நல்ல மதிய வெயில். கையை உள்ளே விட்டு, உள்ளங்கையைக் கூரையின் அடியில் வைத்துப் பார்த்தார். "என்னங்க இது, சுடுது?" என்றார்.

அப்போதுதான் சொன்னேன். அவர் கண்டுபிடிப்பதற்கு ஒரு நிமிடம் முன்னால். அதைப் போய் நேர்மை என்று சொன்னால் நாய்கூடச் சிரிக்கும். "உள்கூரை போடலைங்க. பலகை பிளந்துடுச்சு" என்று சொல்லி, முன்னால் ஒட்டியிருந்த கட்டையைத் தொட்டுக் காட்டினேன். அக்காவைப் பார்க்கவில்லை. என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஆச்சரியம், அவர் திட்டவில்லை. முகம் மலர்ந்துவிட்டது. "அட, அப்ப இவங்க படிச்சது எல்லாம் சரி! பெட்டிதான் தப்பு. அது பெரிய விஷயமே இல்ல. பக்கத்துல சரியா ஒண்ணு வெச்சு, ரெண்டையும் ஒரு வருஷம் சேர்த்துப் படிச்சா எந்த வெயிலுக்கு எவ்வளவு கூட்டிக் காட்டுதுன்னு தெரிஞ்சிடும். பழைய கணக்கையெல்லாம் திருத்திடலாம். இவங்க மேகம்கூட விடாம எழுதியிருக்காங்களே, தங்கமான நோட்டுங்க இது" என்றார்.

எனக்கு உயிர் வந்தது. தலையை நிமிர்த்தப் பார்த்தேன்.

அவர் நோட்டைப் புரட்டிக்கொண்டே போய்க் கடைசிப் பக்கங்களில் நின்றார். "ஆனா இந்த நாப்பது நாளா எல்லாம் பொருந்தி வருதே. கூரைதான் மாறலையே, எப்படிம்மா?"

அக்கா கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். "நான் குறைச்சு எழுதினேன் சார்."

"எவ்வளவு?"

"ஒரு நாள் ஒண்ணு, ஒரு நாள் ஒண்ணரை. கண்ணாடி போட்டும் அதே எண்ணுதான் தெரிஞ்சுது. பெட்டி சரின்னு இவன் சொன்னான். அப்ப என் கண்ணுதான கூட்டிப் படிக்குதுன்னு நினைச்சேன். வெயிலப் பார்த்து, தோணினபடி குறைச்சேன்."

"நிஜமாப் படிச்சது எங்கயாவது எழுதி வெச்சிருக்கீங்களா?"

"இல்ல சார்."

அவர் அந்தக் கடைசிப் பக்கங்களை மறுபடி ஒருமுறை புரட்டிப் பார்த்தார். பிறகு சிவப்புப் பேனாவை எடுத்து, வருத்தத்தோடுதான், அந்த நாற்பது நாட்களுக்கும் குறுக்கே ஒரு கோடு போட்டார். கோட்டுக்குக் கீழே அக்காவைக் கையெழுத்துப் போடச் சொன்னார். அவள் போட்டாள். அவளுக்குக் கண்ணாடி மாட்டிவிட்டு நான் வாயைத் திறக்காமல் இருந்த நாட்கள் எத்தனையோ அத்தனையும் அந்தக் கோட்டுக்குள் இருந்தன. மற்ற மாதங்களைத் திருத்திவிடலாம். இவற்றை மட்டும் ஒன்றும் செய்ய முடியாது. மண்ணுக்குள் புதைந்துவிடலாம் போல இருந்தது. அக்கா என் பக்கம் திரும்பாமல் பேனாவை அவரிடம் நீட்டினாள். அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"வேற ஆள் தேவையில்ல, நீங்களே படிங்க" என்று அவளிடம் சொல்லிவிட்டு, போகும்போது அவர் என்னைக் கூப்பிட்டார். "அந்தப் பெட்டிய சரி பண்றேன்னு கைய வெச்சுடாதீங்க. இப்படியே நிக்கணும்."

இரட்டைக் கூரையோடு புதுப்பெட்டி செய்தேன். உள்கூரைக்கு இரண்டு பலகைகளை இழைத்து, நல்லதாக ஒன்றைப் பொறுக்கிப் போட்டேன். நான்கு பக்க வரைபடத்தையும் வரி விடாமல் படித்தேன். இப்போது புல்வெளியில் பத்தடி தள்ளி இரண்டு வெள்ளைப் பெட்டிகள் நிற்கின்றன. தண்ணீர் வரி கட்ட வருகிறவர்கள் இது எதற்கு இரண்டு என்று கேட்கிறார்கள். ஒன்றைச் சோதிக்க இன்னொன்று என்று அக்கா பதில் சொல்கிறாளாம். யார் செய்தது என்று மட்டும் சொல்வதில்லையாம்.

புதுப்பெட்டியை நட்டு முடித்த அன்று ஐந்தரைக்கு அக்கா நோட்டோடு வந்தாள். நான் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன். அவள் கதவைத் திறந்து குனிந்தாள், படித்தாள், பேனாவைத் திறந்தாள், எழுதவில்லை. மறுபடி குனிந்தாள். மூன்றாவது தடவையும் குனிந்து நிமிர்ந்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"இங்க வாடா. நீ பாத்துச் சொல்லு. எனக்கு இப்பல்லாம் சந்தேகமாவே இருக்கு."

"நீயே படி அக்கா. உன் கண்ணு சரின்னு அவரே சொல்லிட்டாரே."

"பரவால்ல, சொல்லு."

குனிந்து பார்த்தேன். கண்ணில் நீர் நிறைந்து கோடுகள் கலங்கின. துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். "முப்பத்தி நாலு புள்ளி ஆறு."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன் அக்கா."

அவள் எட்டிப் பார்க்கவில்லை. நான் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டாள்.