நூல் மூட்டைகளிடம் பேசியவன்

சந்தேகப்படுவதில் ராஜரத்தினத்தை அடித்துக்கொள்ள ராஜபாளையம் வட்டாரத்திலேயே ஆள் கிடையாது. பால்காரர் சிரித்தால் பாலில் தண்ணீர் என்பார். சிரிக்காவிட்டால் தண்ணீர் நிச்சயம் என்பார். சும்மா சொல்லக்கூடாது, அதற்கு ஒரு காரணமும் இருந்தது. கம்பெனி ஆரம்பித்த புதிதில் பங்குதாரராக இருந்த ஐயாதுரை, கூடவே சாப்பிட்டு, கூடவே சிரித்து, ஒருநாள் துணி வாங்குகிற இரண்டு பெரிய பார்ட்டிகளைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்த் தனியாகத் தொழில் போட்டுவிட்டார். அன்றைக்குப் பட்ட சூடு இன்னும் ஆறவில்லை.

தளவாய்புரம் போகிற ரோட்டில் இருக்கிறது ராஜரத்தினத்தின் தறி செட். ஆஸ்பத்திரிகளுக்குப் போகிற பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். நூல் இறக்குவதிலிருந்து லாரியில் துணி ஏற்றுவது வரை எல்லாவற்றையும் பெலிக்ஸ் பார்த்துக்கொள்வான். முதலாளி பார்ப்பது பெலிக்ஸை மட்டும்தான். கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து கூட இருப்பவன், வேலையில் கெட்டிக்காரன், ஆனால் வாய் மட்டும் கிடையாது. நாலு பேர் முன்னால் நிறுத்திவிட்டால் வேர்த்து விறுவிறுத்துப் போவான். "வந்து... வந்து மொதலாளி..." என்று அவன் ஆரம்பித்தால், ராஜரத்தினம் அந்தப் பேச்சை அப்படியே வாங்கித் தானே முடித்துவைப்பார். அதில் அவருக்கு ஒரு நிம்மதி. பேசத் தெரியாதவன் பார்ட்டியை எப்படி இழுப்பான்?

அந்த நிம்மதியில்தான் தங்கச்சாமி மண்ணை அள்ளிப் போட்டார். துணி எடை போடுகிற தங்கச்சாமிக்கு, எடை போடுவது போக மிச்ச நேரமெல்லாம் அடுத்தவர் விஷயம்தான். மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போன பிறகு பெலிக்ஸ் நூல் மூட்டைகள் அடுக்கியிருக்கிற கிட்டங்கிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சத்தமாகப் பேசுகிறான் என்று முதலாளி காதில் ஓதினார். யாரிடம் என்று கேட்டதற்கு, யாருமில்லை, மூட்டைகளிடம்தான் என்றார்.

மறுநாள் ராஜரத்தினம் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு கிட்டங்கிக் கதவோரம் போய் நின்றார். உள்ளே பெலிக்ஸின் குரல் கேட்டது. "இருவத்தஞ்சு வருசமா இந்தக் கம்பெனி யாரு தோள்ல நிக்கிதுன்னு உங்க எல்லாருக்கும் தெரியும்." கொஞ்சம் இருமல். மறுபடி அதே வாக்கியம், இன்னும் கொஞ்சம் சத்தமாக.

ராஜரத்தினம் செருப்பைக் கையில் பிடித்தபடியே பின்வாங்கினார். யார் தோளில் நிற்கிறதாம்? இவன் தோளிலா? உங்க எல்லாருக்கும் என்றால் யாருக்கு? தொழிலாளிகளைக் கிளப்பிவிடப் போகிறானா, பார்ட்டிகளைக் கூட்டி வைத்துப் பேசப் போகிறானா? அன்று மத்தியானம் அவர் சாப்பிட்ட மீன்குழம்பு என்ன மீன் என்று கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டார்.

அதற்குப் பிறகு பார்த்ததெல்லாம் பேயாகத் தெரிந்தது. சனிக்கிழமைகளில் சம்பளம் போட்டு முடித்த கையோடு பெலிக்ஸ் இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறுகிறான். எதற்கு என்று கேட்டால், "வந்து... ஒரு சோலி மொதலாளி" என்று தரையைப் பார்க்கிறான். ராஜரத்தினம் முதல் வேலையாகக் கிட்டங்கிச் சாவியைக் கேட்டு வாங்கினார். எலித்தொல்லை ஜாஸ்தியாகிவிட்டது, தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். பெலிக்ஸ் கொடுத்துவிட்டுப் போனான். அவன் முகம் தொங்கிப்போனதைப் பார்த்து, மடியில் கனமில்லாதவன் ஏன் வாடுகிறான் என்று அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. இருப்பதிலேயே பெரிய பார்ட்டியான கோயம்புத்தூர்க்காரருக்குப் போன் போட்டார். பட்டும் படாமலும் ஊர்க்கதை பேசிவிட்டுக் கடைசியில் மெல்ல விஷயத்துக்கு வந்தார். "பெலிக்ஸ் தனியா ஏதும் பேசுனா எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க. ஆளு முன்ன மாதிரி இல்ல. எதுக்குச் சொல்லுதேன்னு உங்களுக்கே புரியும்." போனை வைத்தபோது, இந்தத் தடவை முந்திக்கொண்டோம் என்று அவருக்குத் தன்மேலேயே ஒரு மெச்சுதல் வந்தது.

புரட்டாசி சனிக்கிழமை ஒன்று வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்திலேயே இருக்கிற திருவண்ணாமலை என்கிற மலைக்கோயிலில் பெருமாளைச் சேவிக்க ஊரே திரண்டு போகும் நாள். தானும் போவதாக ராஜரத்தினம் வீட்டில் சொன்னார். மாடிப்படி ஏறவே மூச்சு வாங்குகிற மனுசன் மலை ஏறுவதாவது என்று அவர் மனைவி பரிபூரணம் ஏற இறங்கப் பார்த்தாள். ஆனாலும் தேங்காய், பழம், துளசி மாலை எல்லாம் ஒரு பையில் போட்டுக் கொடுத்தாள். உளவு பார்க்கப் போகிறவர் கையில் அர்ச்சனைப் பை.

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றார். பெலிக்ஸ் வந்து இறங்கினான். கோவிந்தா போட்டுக்கொண்டு போகிற கூட்டத்தோடு கூட்டமாக ராஜரத்தினமும் பின்தொடர்ந்தார். தேரடி தாண்டி ஒரு சந்தில், டியூஷன் சென்டர் ஒன்றின் மாடிக்கு ஏறிப் போனான் பெலிக்ஸ். படிக்குப் பக்கத்தில் ஒரு போர்டு: மேடைப் பேச்சுப் பயிற்சி, சனிதோறும் மாலை, அனைவரும் வரலாம்.

ஆக, ஆள் தயாராகிறான். ராஜரத்தினம் பல்லைக் கடித்துக்கொண்டு பாதிப் படி வரை ஏறி நின்றார். அங்கிருந்து ஆள் தெரியாது, குரல் தெளிவாகக் கேட்டது. தவசிமுத்து சார் என்று எல்லாரும் கூப்பிடுகிறவர் அதை நடத்துகிறார் போலிருக்கிறது. அவர் மேஜையில் ஒரு மணி இருக்கும்போல. பேசுகிறவர் "வந்து" என்று இழுத்தால் டிங் என்று அடித்துவிடுவார். அடித்ததும் பேசுகிறவர் அந்த வாக்கியத்தை முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

"எங்க மொதலாளி வந்து..." டிங். "எங்க மொதலாளி ஒரு சந்தேகப் பேர்வழி" என்றான் பெலிக்ஸ். மேலே சிரிப்புச் சத்தம். ராஜரத்தினத்துக்குக் காது மடல் சுட்டது. இப்படியே மேலே ஏறிப் போய் நாலு கேள்வி கேட்டுவிடுவது என்று அடுத்த படியில் கால் வைத்தார்.

"ஆனா எம் பொண்டாட்டி பியூலாவுக்குப் பிரசவத்துல ரத்தம் நிக்காமப் போனப்ப, ரத்தம் கேட்டு மதுரை பூரா அலைஞ்சது அவியதான். என்னால நிக்கக்கூட முடியல. எங்க அப்பா இருந்திருந்தாக்கூட அம்புட்டு அலைஞ்சிருக்க மாட்டாவ. இன்னைக்கு எனக்குப் பொண்டாட்டி இருக்கா, பிள்ளை இருக்கா. இருவத்தஞ்சு வருசமா இந்தக் கம்பெனி யாரு தோள்ல நிக்கிதுன்னு உங்க எல்லாருக்கும் தெரியும். என் குடும்பமும் அந்தத் தோள்லதான் நிக்கிது."

குரல் உடைந்தது. மணி அடிக்கவில்லை. ஆயுத பூஜைக்கு இன்னும் நாள் இருக்கிறது, அன்றைக்கு உங்க கம்பெனி வெள்ளி விழா மேடையில் இந்த இடம் வரும்போது அழுகை வந்தால் செத்த நேரம் நிறுத்து, அவசரப்படாதே என்று தவசிமுத்து சார் சொன்னார். பெலிக்ஸ் அதே இடத்தை மறுபடி பேசினான். அதற்கப்புறமும் பேசினான். கடைசித் தடவை குரல் நடுங்கவில்லை.

ராஜரத்தினம் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். வெட்கமாக இருந்தது. மதுரையில் ரத்தத்துக்கு அலைந்ததை அவர் மறந்தே போயிருந்தார். ஐயாதுரை செய்ததை ஒருநாள்கூட மறக்கவில்லை, இதை மறந்திருக்கிறார். வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, யாரும் பார்ப்பதற்குள் இறங்கி பஸ் ஏறினார். உடைக்காத தேங்காயோடு வந்தவரைப் பரிபூரணம் ஒன்றும் கேட்கவில்லை. அந்த வீட்டில் சந்தேகப்படுகிற வேலை ஏற்கெனவே ஒருவருக்கு ஒதுக்கியாகிவிட்டது.

திங்கட்கிழமை சாவியைத் திருப்பிக் கொடுத்தார். எலி போய்விட்டதாம். பெலிக்ஸ் வாங்கிக்கொண்டு சிரித்தான். மிச்சமிருந்தது கோயம்புத்தூர் போன்தான். தினமும் எடுப்பார், வைப்பார். என்னவென்று சொல்வது? நான் நினைத்தது தப்பு என்று ஒரு பார்ட்டியிடம் சொன்னால் தன் மதிப்பு என்ன ஆகும்? பூஜை முடியட்டும், பொறவு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டார். அந்த ஆளும் இதற்குள் மறந்திருப்பார் என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டார்.

ஆயுத பூஜையன்று தறிகளுக்கெல்லாம் சந்தனம் வைத்து, வாசலில் வாழை கட்டி, உள்ளே மேடை போட்டிருந்தார்கள். தொழிலாளிகள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். பியூலாவும் மகளும் மூன்றாவது வரிசையில். ராஜரத்தினம் பட்டு வேட்டியில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பெலிக்ஸ் பேசும்போது ஆச்சரியப்படுவது போல் முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும் என்று காலையில் கண்ணாடி முன்னால் இரண்டு தடவை பழகிப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

பெலிக்ஸ் மைக்கைப் பிடித்தான். ஒரு தட்டல் தடங்கல் இல்லை. இவன்தானா இது என்று கூட்டம் வாயைப் பிளந்தது. சந்தேகப் பேர்வழி என்றபோது எல்லாரும் ஓரக்கண்ணால் முதலாளியைப் பார்த்துச் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். மதுரை வந்தபோது பெலிக்ஸ் நிறுத்தினான். அவசரப்படாமல் அந்த இடத்தைச் சொல்லி முடித்தான். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. ராஜரத்தினம் நிஜமாகவே அழுதார். பழகிய முகம் தேவைப்படவில்லை.

கைதட்டல் நின்ற பிறகும் பெலிக்ஸ் இறங்கவில்லை.

"இம்புட்டுதான் நான் பல நாளாப் பேசிப் பழகுனது" என்றான். "இன்னும் கொஞ்சம் இருக்கு. அதை முந்தாநாளு இருந்துதான் பழகுதேன். கோயம்புத்தூர் பார்ட்டி எனக்குப் போன் பண்ணுனாவ. 'உன்மேல ஒரு கண்ணு வைக்கச் சொன்னாரே உங்க மொதலாளி, என்னத்த எடுத்தே'ன்னு கேட்டாவ. நான் ஒண்ணும் எடுக்கல. எடுக்கலைன்னு சொன்னேன். நம்புனாவளான்னு தெரியல. எம் மக பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டு இருந்தா."

தங்கச்சாமி தலையைக் குனிந்துகொண்டார். பெலிக்ஸ் முதலாளியை நேராகப் பார்த்தான். அவன் கண்ணில் கோபம் இல்லாததுதான் ராஜரத்தினத்தை என்னவோ செய்தது.

"முன்னால சொன்னதும் பொய் இல்ல மொதலாளி. ரத்தம் கேட்டு அலைஞ்சதும் நீங்கதான், இதைச் சொன்னதும் நீங்கதான். நாளையிலருந்து நான் வரல. இதை உங்க ரூம்ல வந்து சொன்னா, பாதியிலேயே நீங்க பேசி முடிச்சிருவீங்க. அதான் இங்க சொல்லுதேன்."

கும்பிட்டுவிட்டு இறங்கினான். யாரும் கைதட்டவில்லை. பியூலா மகளைக் கையில் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

முதலாளி ஏதாவது சொல்வார் என்று யாரோ மைக்கைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார்கள். சொல்வதற்கு நிறைய இருந்தது. அந்தப் படியில் நின்று கேட்டதையும், அங்கே உட்கார்ந்து அழுததையும் சொல்லலாம். அதைச் சொன்னால், எதற்காக அங்கே போய் நின்றார் என்பதையும் சொல்ல வேண்டும். தப்பு எம்மேலதான், இருலே பெலிக்ஸ். இவ்வளவு சொன்னால்கூடப் போதும். பரிபூரணம் பின்னாலிருந்து, "கூப்பிடுங்க, போறாம்லா" என்று மெதுவாகச் சொன்னாள்.

ராஜரத்தினம் மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"சாப்பாடு ரெடியா இருக்கு" என்றார். "எல்லாரும் சாப்பிட்டுட்டுப் போங்க."

யாரும் எழுந்திருக்கவில்லை. பெலிக்ஸும் பியூலாவும் மகளும் கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு இறங்கினார்கள். மைக் இன்னும் அவர் வாயருகேதான் இருந்தது. அவர் மூச்சு வாங்குகிற சத்தம் மட்டும் செட் முழுக்க ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தது.