தனபாலின் சட்டையிலிருந்து போன கிளிகள்

மதுக்கரை மார்க்கெட்டுக்குப் பின்னால் உள்ள காளிச்சாமியின் காம்பவுண்டில், தனபாலின் வெள்ளைப் பருத்திச் சட்டையில் இருந்த இரண்டு பச்சைக் கிளிகள் முதல் சலவையிலேயே சட்டையை விட்டுப் போய், மாடி வீட்டு ரம்லாவின் வெளிர் மஞ்சள் பாலியஸ்டர் நைட்டியின் முதுகில் உட்கார்ந்துகொண்டன. அன்று வியாழக்கிழமை, தக்காளி விலை இறங்கியிருந்தது. இந்த இரண்டையும் காம்பவுண்டில் எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். மழைக்கு முன்பா பின்பா என்பதில்தான் ஒற்றுமை இல்லை. சட்டையில் கறையோ மங்கலோ இல்லை, கடையில் வாங்கிய அன்று இருந்தது போல வெறும் வெள்ளை. நைட்டியில் கிளிகள் மூக்கோடு மூக்கு வைத்து, நடுவில் பாகல்கொடியுடன், வரைந்தபடியே இருந்தன.

வரைந்தவள் தனபாலின் மனைவி ரித்திகா. கல்யாண நாளுக்காகக் கைப்பேசியில் விரலால் வரைந்து, யாருக்கும் காட்டாமல் ஆஸிமின் கடைக்குக் கொண்டுபோனாள். ஆஸிம் கப்பிலும் டீ சர்ட்டிலும் படம் போட்டுக் கொடுப்பவர். படத்தைக் காகிதத்தில் அச்சிட்டு, அதைத் துணிமேல் கவிழ்த்துச் சூடான தட்டால் அழுத்துவார். சூட்டில் மை ஆவியாகித் துணிக்குள் போகும். பாலியஸ்டர் அந்த ஆவியை உள்ளே இழுத்து வைத்துக்கொள்ளும். பருத்தி கொஞ்ச நேரம் மேலே உட்காரவிட்டு, தண்ணீர் பட்டதும் அனுப்பிவிடும். தனபாலுக்கோ பாலியஸ்டர் போட்டால் உடம்பெல்லாம் வேர்க்குரு. "காட்டன்ல அவ்வளவா நிக்காதுங்க," என்றார் ஆஸிம். "கொஞ்சம் பாத்துப் போட்டுக் குடுங்கண்ணா," என்றாள் ரித்திகா. "சரிங்க, போட்டுப் பாத்துக்கலாங்க," என்றார் அவர். அந்தப் பக்கத்தில் யாரும் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்வதில்லை. தான் மறுத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு ஆஸிம் அச்சடித்தார். அவர் பொறுப்பேற்றுக்கொண்டதாக நினைத்துக்கொண்டு ரித்திகா வாங்கிவந்தாள்.

நைட்டியை அவள் மொட்டைமாடிக் கொடியில் பார்த்தாள். ரம்லா தையல் வேலை செய்பவள். எஸ்டேட் லாரி ஓட்டும் கணவன் வால்பாறையில் இருந்து எப்போதாவது வருவான்.

"இந்தக் கிளி எங்கிருந்துங்கக்கா வந்துச்சு?"

"தெரியல அம்மணி. காஞ்ச துணி எடுக்கறப்பவே இருந்துச்சு."

"தானா வந்து உக்காந்துக்குச்சாக்கும்?"

"அப்படித்தான் போல இருக்குது," என்று சொல்லிவிட்டு ரம்லா மற்ற துணிகளை மடித்தாள். பொய் சொல்கிறவள் இன்னும் கொஞ்சம் பேசியிருப்பாள் என்று ரித்திகாவுக்கு அப்போது தோன்றவில்லை. தோன்றியது வேறு. ரம்லாவின் தையல் மெஷினை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனது தனபால். லேத் பட்டறையில் ஓவர்டைம் என்று அவன் அந்த மாதம் அடிக்கடி தாமதமாக வந்தான். மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டால் தலை நிமிர்ந்தான். முன்பும் நிமிர்ந்தானா என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. கேட்டதற்கு, "சட்டையைத் தொவைச்சது நீ, கேள்வி எனக்கா?" என்றான். படம் தானாகப் போகாது, யாரோ கொடுத்திருக்க வேண்டும் என்பதில் காம்பவுண்டுக்கு இரண்டாம் கருத்து இல்லை. தனபால் கொடுத்தானா, ஆஸிம் படத்தை இன்னொருத்திக்கும் விற்றாரா என்பதில்தான் குழாயடி இரண்டாகப் பிரிந்தது. காளிச்சாமியின் மனைவி சாமியாத்தாள், கொடுத்தது தனபால்தான் என்ற கட்சி. "ஆம்பளைக்குக் கிளி வரைஞ்சு குடுத்தா பறக்காம என்ன பண்ணும் கண்ணு? மாடு வரைஞ்சிருக்கோணும்," என்றாள்.

ரித்திகா அவிநாசியில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போகப் பையைக் கட்டிக் கதவுக்குப் பின்னால் வைத்தாள். போனால் திரும்பி வருவதாக இல்லை. ஆனால் அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பிவந்து பார்க்கிற குணம் அவளுக்கு. ஒரு கல்யாணத்தை முறிப்பதற்கு முன் ஒரு முறையாவது சரிபார்க்க வேண்டும் என்று மூன்று கால் கிளி ஒன்றை வரைந்தாள். உலகத்தில் இல்லாத கிளி. யாரும் கொடுக்காமல் தானாகவே அது ரம்லாவிடம் போய்ச் சேராவிட்டால் முதல் கிளிகளைக் கொடுத்தது தனபால்தான் என்று தீர்மானித்துக்கொண்டாள். ஆஸிமைத் தெருப்பக்கம் திரும்பி நிற்கச் சொல்லி, அவளே பட்டனை அழுத்தி, அவளே ஒரு பருத்தித் துண்டில் சூடு வைத்தாள். ஆஸிம், "எம்மேல நம்பிக்கை இல்லீங்களா?" என்று சாலையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "யார் மேலயும் இல்லீங்கண்ணா," என்றாள். தனபால் பட்டறையில் இருந்த ஒரு மத்தியானம் குளியலறைக் கதவைத் தாழிட்டு, ஜன்னல் சந்தில் பழந்துணி அடைத்து, துண்டைத் துவைத்தாள். தண்ணீரிலிருந்து எடுத்தபோது துண்டு வெறுமையாக இருந்தது. வாளித் தண்ணீரும் தெளிவாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை மோட்டார் போட வந்த காளிச்சாமியின் வெள்ளை பாலியஸ்டர் சட்டைப் பையின்மேல் மூன்று கால் கிளி உட்கார்ந்திருந்தது.

முதலில் பார்த்தவள் ரித்திகாதான். "ஐயோ, என்ற கிளி," என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். குழாயடியில் குடங்கள் நின்றன. சாமியாத்தாள் கணவனின் சட்டையை விரலால் தேய்த்துப் பார்த்தாள், கிளி போகவில்லை.

"ஏங் கண்ணு, உன்ற கிளி எங்கூட்டுக்காரர் நெஞ்சுல எப்படி வந்துச்சு?"

"தெரியலீங்க. நான் ஊட்டுக்குள்ள தாழ் போட்டுத்தான் தொவைச்சேன்."

"தானா வந்து உக்காந்துக்குச்சாக்கும்?"

அந்தக் கேள்விக்கு இருக்கிற ஒரே பதிலை ரித்திகா சொன்னாள். சொல்லும்போது அவளுக்கே அது பொய் போலக் கேட்டது. காளிச்சாமி, "சாமி சத்தியமா எனக்கொண்ணுந் தெரியாதுங்க," என்று மனைவி உட்பட எல்லோரையும் பார்த்துப் பொதுவாகச் சொன்னார். பிறகு எல்லோரும் தனபாலைப் பார்த்தார்கள். அவன் வாயில் பிரஷ்ஷுடன் கல்லின்மேல் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு இப்போது பேச உரிமை இருந்தது; அவள் அவனைப் பேசியதையெல்லாம் ஒவ்வொன்றாகத் திருப்பித் தரலாம். கதவுக்குப் பின்னால் பை கட்டியபடியே இருந்தது, அவன் அதைத் தூக்கி வாசலில் வைத்தாலே போதும். அவன் வாயைக் கொப்பளித்துவிட்டு எழுந்து போய், காளிச்சாமியின் சட்டைப் பையைக் குனிந்து பார்த்தான்.

"மூணு காலா?"

"ஆமாங்க," என்றாள் ரித்திகா.

"ரண்டு காலே நல்லா இருந்துச்சு," என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனான்.

அன்றே பை பிரிந்தது. அவன் நம்பினானா, அல்லது கேட்காமல் விட்டானா என்பது ரித்திகாவுக்கு இன்றுவரை தெரியாது; ஒருமுறை கேட்டபோது சாம்பாருக்கு உப்பு கேட்டான். ரம்லாவிடம் அவள் மாடியேறிப் போனாள். "தப்பாப் பேசிப்போட்டேனுங்கக்கா," என்றாள். "பேசினது போச்சு அம்மணி. நைட்டிய வேணும்னா கொண்டு போறயா?" என்று ரம்லா கேட்டாள். "உங்களுக்குத்தான் நல்லா இருக்குது," என்றாள் ரித்திகா. அவ்வளவு பேசியும் ரம்லா கதவைப் பாதிதான் திறந்து வைத்திருந்தாள்.

பிறகு வந்த வருடங்களில் தெருவில் யாரும் பருத்தியை விடவில்லை, படம் போடுவதையும் விடவில்லை. ஒரு வீட்டுக் குழந்தையின் தொட்டில் துணியில் போட்ட யானை உக்கடம் பஸ்ஸின் சீட் உறையில் இரண்டு மாதம் போய்வந்தது. பேரனின் பெயர் பொறித்த துண்டைத் துவைத்த கிழவர், அந்தப் பெயரைக் குடை பழுது பார்ப்பவரின் வெளிர் நீலக் குடையில் கண்டுபிடித்து நலம் விசாரித்துவிட்டு வந்தார். ஆஸிம் கடையில் பலகை மாட்டினார்: பருத்தியிலும் அச்சிடப்படும், முதல் சலவைக்குப் பிறகு படம் எங்கே போகிறது என்பதற்குக் கடை பொறுப்பல்ல. சாமியாத்தாள் வெள்ளிக்கிழமைகளில் கணவனின் வெள்ளைச் சட்டைகளைக் கொடியின் கடைசியில், சாலையைப் பார்த்த மாதிரி காயப்போடுகிறாள். கார்த்திகையில் அதில் ஒரு மயில் வந்தது. இதுவரை ஒரு படமும் வந்து உட்காராத வீடு தெருவில் ஒன்றே ஒன்று இருக்கிறது. அந்த வீட்டுக்காரர்களைத்தான் இப்போது எல்லோரும் கொஞ்சம் சந்தேகமாகப் பார்க்கிறார்கள்.