பாதி ஈரல்

பசி வயிற்றைப் பிறாண்டியது. ஸ்கேனுக்காக அக்கா முந்தின இரவிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை. கட்டட வேலையில் கலவைச் சட்டி சுமக்கும் சித்தாள் அவள். கை நரம்புகள் கயிறு கயிறாகத் தெரியும். ஈரல் கெட்டுப்போய்ப் படுத்திருந்த தம்பிக்குத் தன் ஈரலில் பாதியைத் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தாள்.

"உன் உடம்புல வெறும் எலும்புதான் இருக்கு. உள்ள ஈரல் இருக்கான்னு முதல்ல பாக்கச் சொல்லு," என்று காலையில் தம்பி கேலி செய்திருந்தான்.

"இருக்கும்டா. பாதியை உனக்குக் குடுத்துட்டு, மிச்சத்தை வச்சு உன்னைவிட அதிகமா சுமப்பேன்."

இப்போது டாக்டரம்மா ஸ்கேன் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"உங்க ஈரல் முழுக்கக் கொழுப்பும்மா. எடுக்க முடியாது."

"எனக்கா கொழுப்பு? என்னைப் பாத்துட்டா சொல்றீங்க?"

"உடம்புல கொழுப்பைச் சேத்து வைக்கற செல்லு இருக்கு. அதுக்குள்ள ஒரு புரதம் கொழுப்பைக் காவல் காக்கணும். முன்னாடி எடுத்த ரத்தப் பரிசோதனை முடிவு வந்துடுச்சு. உங்களுக்கு அந்தப் புரதம் பிறவியிலேயே சரியில்ல. அங்க தங்காத கொழுப்பு ஈரல்ல போய் சேருது. உங்க தம்பிக்கும் இதே குறைதான், அவருக்கு ஈரல் கெட்டதும் இதனாலதான்."

"பட்டினி கிடந்தாவது கரைச்சிட்டு வரேன்."

"அதுவரைக்கும் அவர் தாங்க மாட்டாரும்மா. வேற ஆள் இருக்காங்களா?"

வேறு யாரும் இல்லை.

வார்டில் தம்பி தலையைத் தூக்கிப் பார்த்தான்.

"என்னக்கா, எப்ப அறுக்கறாங்களாம்?"

"பசிக்குதுடா. சாப்பிட்டு வந்து சொல்றேன்."

ஆனால் அவள் நகரவில்லை. அவன் காலடியில் உட்கார்ந்து போர்வையை இழுத்துவிட்டாள். அவனுக்குத் தர வேண்டிய பாதி ஈரல் அவள் வயிற்றிலேயே பாக்கி இருந்தது.