ஊதுங்கோ அப்பா

மகளைச் சந்திக்கும்போதெல்லாம் துஷாந்தன் முதலில் குனிய வேண்டும். கட்டிப்பிடிப்பதற்கு அல்ல, ஊதிக் காட்டுவதற்கு. மொன்ட்ரியால் நகரத்துப் பார்க் மெட்ரோ ரயில் வாசலில் சனம் இடித்துக்கொண்டு போனாலும் சரி, கடைக்குள் நின்றாலும் சரி, எட்டு வயது நிருஷா கண்ணை மூடிக்கொண்டு முகத்தை நீட்டுவாள். "ஊதுங்கோ அப்பா." அவன் அவளுடைய மூக்குக்கு நேரே வாயைத் திறந்து ஊதுவான். அவள் ஆறுதலாக மோந்து பார்ப்பாள். அதற்குப் பிறகுதான் மடியும் சொக்கலேட்டும். யாரும் சொல்லிக்கொடுத்த பழக்கம் இல்லை, அவளே கண்டுபிடித்தது. பார்க்கிறவர்கள் ஏதோ அப்பாவும் மகளும் விளையாடுகிறார்கள் என்று சிரிப்பார்கள். அவனுக்கு ஒருநாளும் சிரிப்பு வந்ததில்லை.

அந்தப் பழக்கம் வந்த கதை அழகான கதையும் இல்லை. நிருஷா முதலாம் வகுப்பில் இருந்தபோது அவளுடைய பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் நத்தார் விழா. சட்டையில் வெள்ளைப் பஞ்சு ஒட்டிக்கொண்டு பிள்ளைகள் மேடையில் கிறிஸ்மஸ் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். துஷாந்தன் வேலையிலிருந்து நேரே வந்தான். நேரே என்றால், வழியில் ஒரு சிநேகிதன் வீட்டில் அரைப்போத்தலை முடித்துக்கொண்டு நேரே. பக்கத்தில் வந்து தொப்பென்று இருந்தவனிடம் மனைவி கஜந்தி காதோடு, "இப்பிடி வாறதுக்கு நீங்கள் வராமலே இருந்திருக்கலாம்" என்றாள். அவன் விட்ட அறையில் அவளுடைய தோடு காதுச்சோணையைக் கிழித்துக்கொண்டு முன்வரிசையில் போய் விழுந்தது. அடுத்தது மூக்கில் ஒரு குத்து. கதிரைகள் சரிந்தன, ஒரு கிழவி அலறினாள், மேடையில் பாட்டு நின்றது. நிருஷா மட்டும் ரீச்சருடைய கையையே பார்த்தபடி தனியாகப் பாடிக்கொண்டு நின்றாள். பொலிஸ் வந்து அவனைக் கவிழ்த்து விலங்கு போடும்வரை அந்தப் பிள்ளை பாடியது.

சிறைமறியல், வழக்கு, பிரிவு எல்லாம் வரிசையாக வந்தன. பல மாதங்கள் கழித்து, ஒரு சிறுவர் நல அலுவலகத்து விளையாட்டு அறையில், ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் காவலில் மகளைப் பார்க்க விட்டார்கள். அன்றைக்கு அவன் மகளின் காலடியில் முழங்காலில் இருந்து சொன்னான்: "அம்மாக்கு அப்பா அடிக்கேல்லைச் செல்லம். போத்தல்தான் அடிச்சது. போத்தல் இல்லாத அப்பா ஆருக்கும் அடிக்கமாட்டார்." பிள்ளை நம்பியது. அதிலிருந்துதான் அந்த மோப்பம். பிள்ளையை விடுங்கள், அதை அவனே முழுமனதாக நம்பினான். போத்தலை விட்டான். குடியை விட்டவர்களின் கூட்டங்களுக்குப் போனான், கைநடுக்கத்தோடு வாரக்கணக்காகக் கிடந்தான், பழைய சிநேகிதர்களின் இலக்கங்களை அழித்தான். குடியை விடுவது சின்ன வேலை இல்லை. அந்த மதிப்பை அவனுக்குக் கொடுக்கத்தான் வேண்டும்.

இப்போது சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தின் பரிசளிப்பு விழா. பேச்சுப்போட்டியில் நிருஷாவுக்கு முதலிடம். விழாவுக்கு முதல்நாள் கஜந்தி, பிரிந்த பிறகு முதன்முறையாகத் தானாகவே தொலைபேசி எடுத்தாள்.

"அங்க வாற ஆம்பிளையளைப் பற்றி உங்களுக்குத் தெரியும்தானே. அதுக்குள்ள நிண்டு ஒரு சொட்டும் குடிக்காமல் போயிட்டீங்களெண்டால், வாற கிழமை பிள்ளை உங்களோட வந்து ஒரு இரவு நிக்கட்டும். நான் மறிக்கமாட்டன்."

துஷாந்தன் போனை வைத்துவிட்டுத் தன் ஒற்றை அறையைப் பார்த்தான். சுவரோரம் ஒரு சின்னக் கட்டில், ஊதா நிற விரிப்பு, அதன்மேல் நீண்டகாலமாக மகளுக்காகக் காத்துக்கிடக்கும் ஒரு பொம்மை நாய். அந்தக் கட்டிலில் அவன் ஒருநாளும் இருந்ததுகூட இல்லை.

விழாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாடசாலைக்குள் மது கூடாது என்று நிர்வாகசபை தீர்மானம் போட்டிருந்தது. நல்ல தீர்மானம். ஆனால் கார் தரிப்பிடம் பாடசாலை ஆகாது என்றும் அதே சபை, அதே மூச்சில் முடிவெடுத்திருந்தது. ஆகவே உள்ளே பிள்ளைகள் தமிழ்த்தாயை வாழ்த்த, வெளியே அப்பாமார் காரின் டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு, கோப்பிக் கடையின் கடதாசிக் கோப்பைகளில் விஸ்கியை வாழ்த்தினார்கள். தொட்டுக்கொள்ள மிக்சரும், ஒரு சட்டி நிறையக் கோழிப்பொரியலும். சபைத் தலைவர் ஞானசுந்தரம் மாஸ்டர் இடைக்கிடை 'மேற்பார்வை'க்கு வெளியே வருவார், மூக்குச் சிவந்து உள்ளே போவார்.

போன வருடம் சில தாய்மார் இதைக் கூட்டத்தில் கேட்டபோது எழும்பி நியாயம் பிளந்தவன் ரதீசன். "வெள்ளைக்காரன்ர பள்ளிக்கூடத்தில காசு சேர்க்க வைன் விக்கிறாங்கள். பெற்றாரும் பிள்ளையும் ஒரே மேசையில இருக்கினம். நாங்கள் மரியாதையா வெளியில நிண்டு குடிக்கிறம். இதுவும் பிழையோ?" ஆம்பிளைகள் கைதட்டினார்கள். ரதீசனை யாருக்குத்தான் பிடிக்காது? மொன்ட்ரியால்-நோர் பக்கத்திலிருந்து வரும் பிள்ளைகளையெல்லாம் ஒரு சதம் வாங்காமல் தன் பழைய வான் வண்டியில் ஏற்றி இறக்குகிறவன். தங்கமான மனுசன் என்று தாய்மாரே சொல்வார்கள். கஜந்தி அந்தத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவள், விழா முடிந்தால் மண்டபம் கூட்ட நிற்பாள். நிருஷா ரதீசனின் வானில்தான் வீட்டுக்குப் போவாள். பெற்ற தகப்பனுக்கு அவளைக் காரில் ஏற்ற இன்னும் அனுமதி இல்லை.

அன்றைக்கு நிருஷா மேடையில் வெளுத்து வாங்கினாள். பேச்சு முடியும்வரை அவளுடைய கண் அடிக்கடி முன்வரிசைக்கு வந்து தகப்பனில் நின்று போனது. அவன் சப்பாத்தோடு சப்பாத்தை ஒட்டிவைத்து, கோயிலில் இருப்பதுபோல அசையாமல் இருந்தான். பரிசு வாங்கி இறங்கியவள் நேரே ஓடிவந்து முகத்தை நீட்டினாள். ஊதினான். கட்டிப்பிடித்தாள். பின்னால் நின்ற கஜந்தி மெல்லத் தலையாட்டினாள்.

வெளியே பங்குனி மாதத்து ஈரப்பனி, காலுக்கடியில் சேறாகக் கரைந்து கிடந்தது. வெளிச்சம் இன்னும் இருந்தது. ரதீசன் ஒரு கோப்பையை நீட்டினான்.

"மச்சான், மகள் முதலாமிடம். ஒண்டு அடி."

"வேண்டாம்."

"ஒண்டுதானேடா. கஜந்தி என்ன, கொல்லவே போறாள்?"

துஷாந்தன் இரண்டு கைகளையும் ஜாக்கெட் பைக்குள் விட்டுக்கொண்டான். கோப்பையின் மணம் மூக்கில் ஏறி நாக்கில் ஊறியது. நகம் உள்ளங்கையில் பதியும்வரை பொத்திப் பிடித்துக்கொண்டு நின்றான். அவர்கள் சிரித்தார்கள். ரதீசன் நீட்டிய கோப்பையைத் தானே குடித்தான். பிறகு காலை இழுத்து இழுத்து வானுக்கு நடந்தான். ஒரு கையால் காரொன்றைப் பிடித்து நின்று, நிதானித்து, மறுபடி நடந்தான்.

வானுக்குள் பிள்ளைகள் சீற்றுப்பட்டி போட்டு இருந்தார்கள். ரதீசனின் மகள் எலிசா, அவள் பக்கத்தில் நிருஷா, பின்னால் இன்னும் சில சின்னதுகள். வான் ஒரு துள்ளுத் துள்ளிப் பின்னுக்கு வந்து, குவிந்து கிடந்த பனிக்கும்பியில் மோதி நின்றது. உள்ளே கூச்சல். டிக்கிகளைச் சுற்றி நின்ற அப்பாமார், "பார்த்துடா!" என்று கத்திவிட்டுச் சிரித்தார்கள். ஒருவனும் அசையவில்லை.

துஷாந்தன் ஓடினான். சாரதிக் கதவை இழுத்துத் திறந்தான்.

"இறங்கு."

"விடடா. நான் கண்ணைக் கட்டிக்கொண்டும் வான் ஓடுவன்."

"உள்ளுக்கை என்ர பிள்ளை இருக்கு. இறங்கு ரதீசன்."

"நீ எனக்குச் சொல்லுறியோ? பெண்டிலுக்கு அடிச்சு மறியலுக்குப் போனவன்!"

துஷாந்தன் அவனுடைய சட்டைக் கழுத்தைப் பிடித்து இழுத்தான். ரதீசன் சீற்றுக்கு அருகில் செருகியிருந்த போத்தலை உருவி வீசினான். அது துஷாந்தனின் வாயில் விழுந்தது. போத்தல் உடையவில்லை, பல்தான் உடைந்தது. மூடி தெறித்து, விஸ்கி கழுத்தாலும் ஜாக்கெட்டாலும் வழிந்தது. துஷாந்தன் உதட்டை இறுக மூடிக்கொண்டு இரத்தத்தைத் துப்பினான். மற்றக் கையால் வானின் சாவித் திறப்பை முறுக்கிப் பிடுங்கினான். வான் அடங்கியது. ரதீசன் சீற்றிலிருந்து சறுக்கிப் பனிச்சேற்றில் குந்தினான்.

திறப்பு கைக்கு வந்துவிட்டது. பிள்ளைகளுக்கு ஆபத்தில்லை. அந்த இடத்தில் அவன் திரும்பி நடந்திருந்தால், ஊரே அவனைத் தூக்கி வைத்துக் கொண்டாடியிருக்கும்.

சேற்றில் இருந்தபடி ரதீசன் சிரித்தான். "உன்ர பெட்டைப்பிள்ளை ஒருநாளும் உன்னட்ட வராதடா."

துஷாந்தன் அவன்மேல் பாய்ந்தான். நெஞ்சில் முழங்காலை ஊன்றி மூக்கில் குத்தினான். எலும்பு நொறுங்கியது கையில் தெரிந்தது. மறுபடி குத்தினான். விரல்களுக்கு இடையில் திறப்பு நீட்டிக்கொண்டிருந்தது. அது ரதீசனின் கன்னத்தைக் கிழித்தது. அவனுக்குத் தெரிந்தது, இருந்தும் அதே கையால்தான் அடுத்ததையும் குத்தினான். "விடு மச்சான், விடு" என்றான் ரதீசன். துஷாந்தன் அவனுடைய தலைமயிரைப் பிடித்து நிலத்தில் மோதினான். ரதீசனின் கை கெஞ்சி எழுந்தபோது அதை முறுக்கினான், ஏதோ மளுக்கென்றது. குடித்த காலத்தில் அடித்ததெல்லாம் காலையில் புகைபோலத்தான் ஞாபகம் வரும். இது அப்படி இல்லை. தலை கண்ணாடிபோல் தெளிந்திருந்தது. எங்கே அடித்தால் நோகும் என்று பார்த்துப் பார்த்து அடித்தான். சொல்லக் கூசுகிறது, அவனுக்கு அது சுகமாக இருந்தது.

நாலு பேர் சேர்ந்து அவனை இழுத்தெடுத்தார்கள். ரதீசன் ஒரு கண் மூடி, வாய் கிழிந்து, மூச்சுக்குத் திணறிக்கொண்டு கிடந்தான். எலிசா வானிலிருந்து குதித்து ஓடிவந்து தகப்பனின் தலையை மடியில் எடுத்து வைத்துக் கத்தினாள். யாரோ பொலிசுக்குப் போன் எடுத்தார்கள். டிக்கிகள் படபடவென்று மூடப்பட்டன.

"வெறியில வந்து கொலை செய்யப் பாக்கிறான்! மணக்குது பாருங்கோ!" என்றார் ஞானசுந்தரம் மாஸ்டர். அவருடைய கையில் இன்னும் கோப்பை இருந்தது.

கஜந்தி மண்டபத்திலிருந்து, கூட்டிக்கொண்டிருந்த தும்புத்தடியோடு ஓடிவந்தாள். காற்றில் விஸ்கி மணம். அவளுடைய கை தன்னையறியாமல் தையல் போட்ட காதுச்சோணையைப் பொத்தியது.

"குடிச்சிட்டீங்கள்."

"இல்லைக் கஜந்தி. சத்தியமா இல்லை. அவன்தான் குடிச்சிட்டு வான் ஓடப் பார்த்தவன். பிள்ளையள் உள்ளுக்கு. இது மேலில ஊத்துப்பட்டது."

அவள் ஒரு அடி பின்னுக்குப் போனாள். அவன் கோப்பையை மறுத்ததைக் கண்டவர்கள்கூட அவனுக்காகச் சாட்சி சொல்லவில்லை.

வானின் கதவு இழுபட்டது. நிருஷா இறங்கினாள். பரிசுக் கேடயத்தை நெஞ்சோடு அணைத்தபடி, கூட்டத்துக்குள்ளால் நடந்து வந்து அவனுக்கு முன்னால் நின்றாள்.

"ஊதுங்கோ அப்பா."

பிடித்திருந்தவர்கள் கையைத் தளர்த்தினார்கள். அவன் சேற்றில் முழங்காலில் இருந்து, குனிந்து, உடைந்த வாயைத் திறந்து ஊதினான். இரத்தத்துளிகள் அவளுடைய கன்னத்தில் தெறித்தன. அவள் கண்ணைத் திறக்கவில்லை. வாயை மோந்தாள். ஜாக்கெட்டை மோந்தாள். திரும்பவும் வாயை மோந்தாள்.

"அம்மா, ஜாக்கெட்தான் மணக்குது. வாயில இல்லை. அப்பா குடிக்கேல்லை."

துஷாந்தனுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "கேட்டனியே கஜந்தி? கேட்டனீங்களே எல்லாரும்? என்ர பிள்ளை சொல்லிப்போட்டுது!" அவன் மகளைக் கட்டிப்பிடிக்கக் கையை நீட்டினான். திறப்பு இன்னும் விரல்களுக்கு இடையில் இருந்தது, அதன் நுனியில் தோல் ஒட்டிக்கொண்டிருந்தது.

நிருஷா அந்தக் கையைப் பார்த்தாள். எலிசாவின் மடியில் கிடந்த முகத்தைப் பார்த்தாள். பிறகு தகப்பனிடம், கணக்கில் விளங்காததை ரீச்சரிடம் கேட்பதுபோலக் கேட்டாள்:

"அப்ப, மாமாக்கு அடிச்சது ஆர்?"

அவனுடைய கண் போத்தலைத் தேடியது. அது வானுக்கடியில் உருண்டு போய்க் கிடந்தது. தெருமுனையில் பொலிஸ் வண்டியின் சத்தம் கேட்டது. நிருஷா கன்னத்து இரத்தத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, அம்மாவுக்குப் பின்னால் போய் நின்றாள். அவன் குனிந்தபடியே இருந்தான்.