அசரீரிக்கு ஒரு துண்டு கேக்

அப்பாவைச் சுவர்ப் பக்கம் புரட்டி விரிப்பை உருவிக்கொண்டிருந்தபோது மடிக்கணினி அழைத்தது. ஒரு கையால் அவர் முதுகைத் தாங்கியபடி மறுகையால் ஹெட்போனைக் காதில் மாட்டிப் பட்டனை அழுத்தினேன். கேமராவை அணைத்தேதான் வைத்திருப்பேன். பின்னால் கட்டில் தெரியும். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து மூன்று வருடம். அன்றிலிருந்து எனக்கு வீடுதான் ஆபீஸ். முகம் தெரியாமல் குரல் மட்டும் வருவதால் அங்கே எனக்கு அசரீரி என்று பெயர். செல்லமாகத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நானும் பல்லை இளித்துக்கொண்டிருந்தேன்.

மேனேஜர்தான். "உன் வேலைல ஒரு குறையும் சொல்ல முடியாதும்மா. ஆனா டீம் லீடுன்னா கண்ணு முன்னாடி இருக்கணும். தம்பிக்கே குடுத்துட்டோம். நேத்து டீ குடிக்கப் போனப்ப பேசி முடிவாயிடுச்சு."

தம்பி என்பவன் நான் வேலை கற்றுக்கொடுத்த பையன். வாராவாரம் அறிக்கையை நான் எழுதுவேன், அவன் அச்செடுத்து மேனேஜர் மேஜையில் வைப்பான். "நீ அங்கதான இருக்க, நீயே குடுத்துடு" என்று சொன்னவளும் நான்தான். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"ஒரு ஆறு மாசம் அவனுக்குக் கூட இருந்து சொல்லிக்குடு. சாயங்காலம் கேக் வெட்றோம், நீயும் வந்துடு."

"சரி சார்."

அப்பாவின் முதுகைத் துடைத்தேன். இந்த மனுஷன் அன்றைக்கே போய்ச் சேர்ந்திருந்தால் நானும் டீ குடிக்கப் போயிருப்பேன் என்று தோன்றியது. நன்றாகவே தோன்றியது.

"கெடச்சுதாம்மா?" என்றார். வாய் கோணிய பிறகு அவர் பேச்சு எனக்கு மட்டும்தான் புரியும்.

"கெடச்சுதுப்பா."

பாதி முகத்தால் சிரித்தார்.

சாயங்காலம் கேக் மேஜையில் ஒரு மடிக்கணினியைத் திறந்து வைத்து அதில் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். தம்பி கத்தியை எடுத்தான். "முதல் துண்டு அசரீரி அக்காவுக்குத்தான். அவங்க இல்லன்னா நான் இல்ல" என்றபடி கேக்கைக் கேமரா வரைக்கும் நீட்டினான். க்ரீம் அப்பிக்கொண்டது. எல்லாரும் சிரித்தார்கள். யாரோ "அக்கா சாப்பிட்டாச்சு" என்றார்கள். பிறகு பேச்சு வேறு எங்கோ போய்விட்டது. துடைக்க ஒருவரும் வரவில்லை.

"நானும் பாக்குறேன்" என்றார் அப்பா.

ஹெட்போனைக் கழற்றிவிட்டுத் திரையை அவர் பக்கம் திருப்பினேன். முழுக்க வெள்ளை. உள்ளே கைதட்டல் மட்டும் கேட்டது. அப்பா அந்த வெள்ளையையே பார்த்தபடி, அசைகிற ஒரே கையால் கட்டில் சட்டத்தைத் தட்டத் தொடங்கினார்.